துணியை இழுக்காதீர்கள்: லாங்ஆர்மில் முதல் குடும்பக் குவில்ட்

லாங்ஆர்ம் மெஷினில் முதல் குவில்ட்டை (மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வையை) மாட்டும்போது எல்லோர் கண்ணும் ஊசியின் மேல்தான் இருக்கும். ஆனால் தையல் நன்றாக விழுமா என்பது, துணியை ரோலரில் சுற்றும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தப் பதிவில் துணி மாட்டும் படிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சாதாரணத் தையல் மெஷின் ஓட்டவும், கால் இன்ச் விளிம்பு விட்டுத் துண்டுகளை இணைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வீட்டு மெஷினில் மெஷின் நிற்கும், துணி நகரும். லாங்ஆர்மில் நேர்மாறு. நீளமான ஃப்ரேமில் துணி நிற்கும், மெஷினின் தலை சக்கரங்களில் ஓடும். ஊசிக்கும் மெஷினின் பின்பக்கத்துக்கும் இடையே 18 முதல் 26 இன்ச் வரை இடம் இருப்பதால் பெரிய போர்வையும் கசங்காமல் உள்ளே போகும். இதற்காக மெஷினை வாங்கியாக வேண்டும் என்பதில்லை. லாங்ஆர்மை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுபவர்கள் உண்டு. முதல் குவில்ட்டுக்கு அதுவே நல்லது, பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார்.

என்ன துணி, எத்தனை துண்டு

குழந்தைக்குச் சின்னதாகிப்போன சட்டைகள், பள்ளி விளையாட்டு டி-ஷர்ட்டுகள், தாத்தா போட்டுப் போட்டு மெலிந்துபோன சட்டை. குடும்பக் குவில்ட்டுக்கு இவற்றைவிட நல்ல துணி கிடையாது என்பது என் கருத்து. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் மிசூரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பிறகு அவர் உடுத்திய வேலைத் துணிகளைக் கொண்டே 1942-இல் ஒரு குவில்ட் தைத்தார். அது கையால் தைத்தது. கறையும் வெளிறலுமாக இருக்கும் துணியை ஒளிக்கத் தேவையில்லை என்பதை அந்த ஊர்க் குவில்ட்டுகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். முட்டியில் வெளிறிய இடம் இருந்தால் அதைத் துண்டின் நடுவில் வரும்படி வெட்டுங்கள்.

முதல் முயற்சிக்கு 60-க்கு 72 இன்ச் போதும். தைத்த பின் 12 இன்ச் வரும் சதுரங்கள், குறுக்கே 5, நெடுக்கே 6, மொத்தம் 30. வெட்டும்போது 12½ இன்ச்.

டி-ஷர்ட் துணி இழுத்தால் நீளும். வெட்டுவதற்கு முன் பின்பக்கம் மெல்லிய ஒட்டும் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டிவிடுங்கள். வெட்டிய பிறகு ஒட்டினால் சதுரம் ஏற்கெனவே கோணிப் போயிருக்கும். ரப்பர் மாதிரி அச்சு இருக்கும் இடத்தில் இஸ்திரிப் பெட்டி நேராகப் படக் கூடாது, உருகி ஒட்டிக்கொள்ளும். பட்டன், ஜிப், தடித்த ஜீன்ஸ் மடிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பட்டன் வேண்டும் என்றால் குவில்ட் முடிந்த பிறகு கையால் தைத்துக்கொள்ளலாம்.

மேல்துணியைச் சேர்த்து முடித்ததும் நாலு பக்க ஓரத்திலும் விளிம்பை ஒட்டி ஒரு சுற்றுத் தையல் போடுங்கள். ரோலரில் ஏறி இறங்கும்போது ஓரத்தில் முடியும் தையல்கள் பிரியாமல் இருக்கும். பின்பக்கம் தொங்கும் கறுப்பு நூல்களைக் கத்தரித்துவிடுங்கள். வெளிர் துணிக்கு அடியில் மாட்டினால் வெளியே கோடாகத் தெரியும்.

அடித்துணியும் பஞ்சும்

அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 இன்ச் பெரிதாக இருக்க வேண்டும். நம் கணக்கில் 68-க்கு 80. துணியின் பக்க ஓரங்களைப் பிடிக்கும் கிளாம்ப் மாட்டவும், நூலின் இறுக்கத்தை (டென்ஷன்) சோதிக்கவும் அந்த இடம் தேவை. பஞ்சு விரிப்பையும் ஏறக்குறைய அதே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள்.

அடித்துணியை இரண்டு துண்டாக இணைக்க வேண்டி வந்தால், இணைப்பு ரோலருக்கு இணையாக, குறுக்காகப் போகட்டும். நெடுக்காக விட்டால் அந்தத் தடித்த இடம் ரோலரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி நடுவில் புடைக்கும், இரண்டு பக்கமும் தொங்கும். துணியின் கரையை வெட்டி எறிந்துவிட்டு இணையுங்கள், தையலை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். நாலு மூலையும் செங்கோணமாக இருக்கிறதா என்று பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். கோணலான அடித்துணியை எந்த மெஷினாலும் சரிசெய்ய முடியாது.

பஞ்சில் என் தேர்வு 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியெஸ்டர். மடிப்பு நிற்காது, அளவாக உப்பும், துவைத்தாலும் பிரியாது. தையல் வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று உறையில் போட்டிருக்கும், அதைத் தாண்ட வேண்டாம்.

மாட்டுவது: இங்கே நிதானமாகப் படியுங்கள்

நான் அதிகம் திணறியது இந்தப் படியில்தான்.

ரோலர்களில் தடித்த கேன்வாஸ் பட்டை ஒன்று தொங்கும். அதற்கு லீடர் என்று பெயர். லீடரின் நடுவையும் அடித்துணியின் நடுவையும் குறித்து, நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி வைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் நெருக்கமாகக் குண்டூசி குத்துங்கள். ஒரு முனை பின் ரோலரில், மறு முனை முன் ரோலரில். பிறகு முன் ரோலரில் சுற்றி, சுருக்கம் இல்லாமல் கையால் நீவிக்கொண்டே வாருங்கள்.

இப்போது கை தன்னால் ரோலரின் பல்சக்கரத்தை இன்னும் ஒரு பல் இறுக்கப் பார்க்கும். மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக நின்றால்தான் தையல் நேராக விழும் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள்.

காரணம் இதுதான். வீட்டு மெஷினில் ஊசி மேலே இருக்கும்போதுதான் துணி நகரும். லாங்ஆர்மிலோ ஊசி துணிக்குள் இருக்கும்போதும் தலை நகர்ந்துகொண்டே இருக்கும். துணிக்குக் கொஞ்சம் தளர்வு இருந்தால் ஊசியோடு சேர்ந்து அதுவும் அசைந்து கொடுக்கும். விறைப்பாக இருந்தால் ஊசியைப் பிடித்து வளைத்துவிடும். வளைந்த ஊசிக்குப் பின்னால் உருவாகும் நூல் வளையம், கீழே சுற்றும் கொக்கிக்குச் சரியான இடத்தில் கிடைக்காது. தையல் விட்டுப்போகும், நூல் அறும், சில நேரம் ஊசியே உடையும். எல்லோரும் டென்ஷன் திருகையே குறை சொல்லித் திருகிக்கொண்டிருப்பார்கள். இழுத்துக் கட்டிய துணி, எடுத்த பிறகு தன் அளவுக்குத் திரும்பிச் சுருங்கி, பின்பக்கம் முழுக்கச் சுருக்கம் விழும் என்பது இன்னொரு தொல்லை.

சோதிக்க எளிய வழி உண்டு. மூன்று அடுக்கும் போட்ட பிறகு ஒரு கை விரலைக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். மேலே இருக்கும் கையால் அந்த விரலைத் துணியோடு சேர்த்துப் பிடிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ரோலரை ஒரு பல் தளர்த்துங்கள். பக்கக் கிளாம்ப்புகளும் அப்படியே. அவை துணி உள்ளே மடங்காமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான், இழுப்பதற்கு இல்லை.

பிறகு பஞ்சை விரியுங்கள். மெஷினில் குறுக்காக மட்டும் ஓடும் பூட்டு இருந்தால் அதைப் போட்டு, பஞ்சின் மேல் ஓரத்தில் ஒரு நேர்கோடு தையுங்கள். மேல்துணியின் விளிம்பை அந்தக் கோட்டில் வைத்து, பெரிய தையலாக ஓட்டிவிடுங்கள். மேல்துணிக்கென்று மூன்றாவது ரோலர் இருந்தாலும் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. முன்பக்கம் தளர்வாகத் தொங்கவிடுவேன். பழைய துணிகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நீளும். தொங்கவிட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் கையால் சமன்செய்துகொள்ளலாம்.

நூல், ஊசி, டென்ஷன்

40 எண் பாலியெஸ்டர் நூல் போதும். எண் கூடினால் நூல் மெலிது என்பது நினைவிருக்கட்டும். நிறம் வெளிர் சாம்பல். பலவகைத் துணிகள் சேரும் குவில்ட்டில் எதன் மேலும் துருத்தித் தெரியாத நிறம் அதுதான். புது ஊசி போடுங்கள். பழைய ஊசியோடு புதுக் குவில்ட்டைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

டென்ஷனைப் பாபினில் இருந்து தொடங்குங்கள். பாபின் கேஸை நூல் முனையில் தொங்கவிட்டு லேசாக ஆட்டினால், மெல்லக் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென இறங்கினால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம். அதில் இருக்கும் சின்னத் திருகை வலப்பக்கம் திருப்பினால் இறுகும். கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டாம். பாபின் சரியான பிறகு அதைத் தொடாமல் மேல் நூலை மட்டும் சரிசெய்யுங்கள்.

ஓரத்தில் விட்ட 4 இன்ச்சில் பஞ்சின் மேல் ஒரு துண்டுத் துணி வைத்து, வட்டமும் கூர்முனையும் தைத்துப் பாருங்கள். நேர்கோடு எப்படியும் நன்றாகத்தான் வரும். கீழே வளைவுகளில் கண்ணிமை மயிர் போல மேல் நூல் வெளியே தெரிந்தால் மேல் நூல் தளர்வு. மேலே கீழ்நூல் புள்ளிகளாக எட்டிப் பார்த்தால் மேல் நூல் இறுக்கம். கீழே குனிந்து பார்க்க முதுகு வளையாதவர்கள் கைபேசியின் முன் கேமராவை அடியில் நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம். இதை ஒவ்வொரு வரிசை முடிந்த பிறகும் செய்யுங்கள். பின்பக்கம் பார்க்காமல் பாதிக் குவில்ட் வரை போய்விட்டால் பிரிக்க நாளெல்லாம் ஆகும்.

தைப்பது

தொடக்கத்துக்குப் பேன்டோகிராஃப்தான். மெஷினின் பின்பக்க மேசையில் காகிதத்தில் தொடர்கோடாக ஒரு வடிவம் இருக்கும். லேசர் புள்ளியை அந்தக் கோட்டின் மேல் ஓட்டினால் ஊசி அதையே துணியில் தைக்கும். பெரிய, வளைந்த வடிவமாக எடுங்கள். நேர்கோடும் சதுரமும் இருக்கும் வடிவங்களில் கை நடுங்கியது பளிச்சென்று தெரியும்.

ஸ்டிச் ரெகுலேட்டர் இருந்தால் இன்ச்சுக்கு 10 தையல் வையுங்கள். நீங்கள் வேகமாக நகர்ந்தாலும் மெதுவாக நகர்ந்தாலும் தையல் நீளம் மாறாது. முதலில் மெஷினை அணைத்துவிட்டு ஒரு வரிசை முழுக்கக் கோட்டின் மேல் ஓட்டிப் பழகுங்கள். பிறகு ஊசியை ஒருமுறை இறக்கி ஏற்றிக் கீழ்நூலை மேலே கொண்டுவந்து, இரண்டு நூலையும் பிடித்தபடி சின்னத் தையல் நாலைந்து போட்டுத் தொடங்குங்கள். கண் லேசர் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால், போகும் வழியில் இருக்கட்டும். தோள் விறைத்தால் கோடும் விறைக்கும்.

ரப்பர் அச்சு உள்ள சதுரங்களில் பிரித்துத் தைக்கும் எண்ணம் வேண்டாம். ஊசி போட்ட ஓட்டை அதில் நிலையாக நின்றுவிடும்.

வரிசை முடிந்ததும் பக்க ஓரங்களை ஓட்டி, கிளாம்ப்பைக் கழற்றி, துணியைச் சுற்றி, மறுபடி விரல் சோதனை. பின் ரோலரில் குவில்ட் சுற்றச் சுற்றத் தடிமன் கூடும். ரோலருக்கும் மெஷினின் அடித்தட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் ரோலரைக் கொஞ்சம் உயர்த்துங்கள். இல்லாவிட்டால் தலை உரசி வட்டங்கள் முட்டையாகிவிடும்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை

மெஷின் ஓடும்போது ஃப்ரேம் பக்கம் சின்னக் கைகள் வரவே கூடாது. ஆனால் எந்தச் சட்டைக்குப் பக்கத்தில் எது என்று தரையில் பரப்பி அடுக்குவதை முழுக்க அவர்களிடம் விடுங்கள். நாம் நிறப் பொருத்தம் பார்ப்போம், அவர்கள் அண்ணன் சட்டையையும் தம்பி சட்டையையும் பக்கத்தில் வைப்பார்கள். அவர்கள் அடுக்கியதே எப்போதும் நன்றாக இருக்கிறது. அவர்கள் வரைந்த படத்தையும் பேன்டோகிராஃப் ஆக்கலாம். மெல்லிய காகிதத்தில் அதைக் கையெடுக்காமல் ஒரே கோடாக மாற்றி வரைந்து, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி முனைகளை ஒரே உயரத்தில் வைத்தால் சரி, வரிசையாகத் தொடரலாம்.

முடிப்பது

எடுத்து, ஓரம் வெட்டி, 2½ இன்ச் பட்டைகளை இணைத்து இரண்டாக மடித்து ஓரப்பட்டி தையுங்கள். 60-க்கு 72-க்குச் சுற்றளவு 264 இன்ச். 40 இன்ச் நீளப் பட்டை 7 வேண்டும். யாருடைய துணிகள், யார் தைத்தது, எந்த ஆண்டு என்று ஒரு துண்டுத் துணியில் அழியாத மையால் எழுதிப் பின்பக்கம் தைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்கு

வீட்டு மெஷினில் தைப்பவர்களும் அடித்துணியைத் தளரவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. அங்கே துணியைப் பிடிக்க ரோலர் இல்லை. தரையில் சுருக்கமில்லாமல், ஆனால் இழுக்காமல் டேப் ஒட்டி, மூன்று அடுக்கையும் சேர்த்து ஊக்கு குத்தித்தான் தைக்க வேண்டும்.

கீழ் ஓரத்துக்கு வரும்போது மேல்துணி அதிகமாகி மடிப்பு விழுகிறது என்று பலர் எழுதினார்கள். ஒவ்வொரு வரிசையிலும் துணியைக் கையால் உங்களை நோக்கித் தள்ளித் தள்ளி நீவுவதால் வருவது அது. மேலிருந்து கீழாகத் தள்ளாமல், நடுவிலிருந்து பக்கங்களுக்கு நீவுங்கள். மேல்துணியைச் சுற்றி இணைத்த ஓரத் துண்டுகள் அலையலையாக இருந்தால் சிக்கல் மெஷினில் இல்லை. ஓரத்தை இணைக்கும் முன் மேல்துணியை நடுவில் அளந்து அந்த நீளத்துக்கு வெட்டியிருக்க வேண்டும்.

ஒரு திசையில் நகரும்போது மட்டும் நூல் அறுகிறது என்றவர்கள் ஊசி மாட்டிய கோணத்தைப் பாருங்கள். ஊசிக் கண்ணில் ஒரு மெல்லிய குண்டூசியை நுழைத்தால் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நேராக உங்களைப் பார்த்து நிற்க வேண்டும். கோணியிருந்தால் திருகைத் தளர்த்தி, ஊசியை மேலே முட்டும் வரை தள்ளி, மறுபடி இறுக்குங்கள். அதற்குப் பிறகும் அறுந்தால், மேல் நூலைத் தொடுவதற்கு முன் இன்னொரு முறை விரல் சோதனை செய்யுங்கள்.