மின்ட் உள்ளே விட மறுத்தால்

லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தில் கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வருகிறதா? மறுநிறுவலுக்குப் பென்டிரைவைத் தேடாதீர்கள். என்னிடம் வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் வட்டு நிரம்பியிருக்கும், அவ்வளவுதான்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, ‘சூடோ ஆப்ட் கிளீன்’ (sudo apt clean) என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் இடுங்கள். பழைய நிறுவல் கோப்புகள் நீங்கிக் கொஞ்சம் இடம் கிடைக்கும். மறுதொடக்கம் செய்து உள்ளே போய்விடலாம்.

இனி, கணினி அமைப்பை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற செயலியைத் திறந்து பாருங்கள். பல நேரம் இடத்தை விழுங்கியது அதுதான். முதல் நகல் முழு அளவில் இருக்கும். அடுத்தவை மாறிய கோப்புகளுக்கு மட்டுமே புதிதாக இடம் எடுக்கும். ஆகவே ஒரே ஒரு பழைய நகலை அழித்துவிட்டு, இடம் கூடவில்லையே என்று புலம்ப வேண்டாம். கோப்புறையில் கைவைக்காமல், டைம்ஷிஃப்ட்டின் நீக்கு பொத்தானையே பயன்படுத்துங்கள். தினசரி நகல் இரண்டு போதும், ஐந்தெல்லாம் ஆடம்பரம். வெளி வட்டுக்கு மாற்றுவதென்றால் அது இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் வடிவில் இருக்க வேண்டும். விண்டோஸ் வடிவமான என்டிஎஃப்எஸ்ஸில் உள்ள வட்டை டைம்ஷிஃப்ட் ஏற்காது.