ஒடியல் மா விற்கிறவருக்கு எந்த பேக்லிங்க் உதவும்?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு சிறு உற்பத்தியாளர்களுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறேன். பரந்தனில் ஒடியல் மாவும் பனங்கட்டியும் விற்கிறவர், முல்லைத்தீவில் கருவாடு போடுகிறவர், இரணைமடுப் பக்கம் தங்குமிடம் நடத்துகிறவர் என்று வருவார்கள். தளம் ஏறிய அடுத்த கிழமையே எல்லோரும் கேட்பது, கூகுளில் ஏன் மேலே வரவில்லை என்றுதான்.

மற்றத் தளங்கள் உங்கள் பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்புத்தான் பேக்லிங்க். லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்போர்டில் உருவாக்கிய பேஜ்ராங்க் முறை, யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்பதைத்தான் எண்ணியது. இன்று கூகுள் வேறு பலதையும் பார்க்கிறது. ஆனாலும் இணைப்புக்கு மதிப்பு இருக்கிறது. உங்கள் பொருளோடு சம்பந்தப்பட்டவர் கொடுத்தால்தான் அந்த மதிப்பு.

"ஆயிரம் பேக்லிங்க், மலிந்த விலை" என்று வட்ஸ்அப்பில் வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் கொண்டுவந்த 'பெங்குவின்' என்ற மாற்றம் அப்படிச் சேர்த்த தளங்களைக் கீழே தள்ளியது. 2016க்குப் பிறகு அந்த இணைப்புகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை. உழைத்த காசு வீணாகப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது.

சரி, என்ன செய்யலாம்? முதலில், பிறர் இணைக்க விரும்பும் ஒரு பக்கம் வேண்டும். விலைப்பட்டியலை யாரும் இணைக்க மாட்டார்கள். பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். இதைப் படத்துடன் விளக்கி, கூழுக்கு முன் மாவை ஏன் ஊறவைத்துக் கயர்ப்பை எடுக்கிறோம் என்று எழுதுங்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஆளில்லை; அவர்கள் தேடுகிறார்கள். எங்கள் ஆக்களுக்குக் கைவந்த விஷயம், இணையத்தில் சரியாக எழுதப்படாமல் கிடக்கிறது. ஆகவே இந்தப் பக்கத்துக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களிடம் போங்கள். உங்கள் மாவை எடுத்து விற்கும் டொரண்டோக் கடைக்குத் தளம் இருக்கும். "எங்கிருந்து வருகிறது" என்ற பகுதியில் இணைக்கச் சொல்லலாம். தங்குமிடக்காரர் என்றால் சுண்டிக்குளத்துக்குப் பறவை பார்க்க வருகிறவர்களின் பயணக் குறிப்புகளைத் தேடுங்கள். கடைப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடினால், பெயரைச் சொல்லி இணைப்புக் கொடுக்காதவர்கள் அகப்படுவார்கள். அவர்களிடம் கேட்பது மிக இலேசு.

சமையல் எழுதும் ஒருவருக்கு நான் எழுதச் சொல்வது இப்படி: "வணக்கம் அக்கா, உங்கள் கூழ்ச் செய்முறையில் மாவை ஊறவைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதன் காரணத்தை நாங்கள் படத்துடன் எழுதியிருக்கிறோம். வாசிப்பவர்களுக்கு உதவும் என்று நினைத்தால் அந்த வரியில் இணைத்துவிடுங்கள்." அவர் எழுதியதை வாசித்துவிட்டு எழுதுங்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும். பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விடுங்கள்.

எந்தச் சொல்லில் இணைப்பது என்பதை அவரிடமே விடுங்கள். எல்லோரும் "சிறந்த ஒடியல் மா வாங்க" என்றே இணைத்தால் செயற்கை என்று தெரிந்துவிடும். மா இலவசமாகக் கொடுத்து எழுதச் சொன்னால், அந்த இணைப்பில், பொருள் வாங்கிக்கொண்டு கொடுத்த இணைப்பு என்று கூகுளுக்குச் சொல்லும் 'ஸ்பொன்சர்ட்' குறியீடு போட வேண்டும். கூகுள் 2019இல் அறிமுகப்படுத்தியது அது. பேஸ்புக் பகிர்வு வாடிக்கையாளரைக் கொண்டுவரும், தேடல் வரிசைக்கு அதை நம்பாதீர்கள்.

யார் இணைத்திருக்கிறார்கள் என்று, கூகுள் தளக்காரருக்குத் தரும் சேர்ச் கொன்சோல் என்ற கருவியின் 'லிங்க்ஸ்' பகுதியில் மாதம் ஒருமுறை பாருங்கள், அது இலவசம். தளத்தைப் புதுப்பிக்கும்போது அந்தப் பக்கங்களின் முகவரியை மாற்ற நேர்ந்தால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு '301' எனப்படும் நிரந்தரத் திருப்பிவிடல் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்கிய இணைப்பெல்லாம் இல்லாத பக்கத்துக்குப் போய் நிற்கும்.