ஸ்மார்ட் மின்கட்டமைப்பு: மீட்டரை மாட்டும் முன்பே சறுக்கும் இடங்கள்

ஸ்மார்ட் மின்கட்டமைப்புத் திட்டம் (மின் பயன்பாட்டைத் தானாக அளந்து நிறுவனத்துக்கு அனுப்பும் மீட்டர்களும், கணினி வழியே இயக்கும் மின்வலையும்) என்றதும் எத்தனை மீட்டர், டெண்டர் யாருக்கு, எந்த மாதத்துக்குள் முடிப்பது என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். வீட்டில் இருப்பவரைக் கேட்பது கடைசி வேலை. நெதர்லாந்து இதில் நன்றாகவே அடி வாங்கியது. எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம் என்ற மசோதாவை 2009-இல் நாடாளுமன்ற மேலவை மறித்தது. காரணம், தனியுரிமை. வேண்டாதவர் மறுக்கலாம் என்று திருத்திய பிறகே 2011-இல் சட்டம் நிறைவேறியது.

மீட்டரில் அப்படி என்ன அந்தரங்கம் என்று கேட்பவர்கள், ஒரு வீட்டின் கால்மணிக் கணக்கை, அதாவது கால்மணிக்கு ஒருமுறை மீட்டர் குறிக்கும் மின் அளவை, ஒரு நாள் பார்த்தால் போதும். ஃபிரிட்ஜ் ஓடி நிற்கும் சிற்றலை இரவெல்லாம் தெரியும். காலை ஐந்தரைக்கு வாட்டர் ஹீட்டர் சுவர் மாதிரி எழும்பும். அந்தச் சுவர் நான்கு நாளாக வரவில்லையா, வீடு பூட்டிக் கிடக்கிறது. திருடனுக்கு வேறென்ன வேண்டும்? இந்தக் கணக்கை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதை முதல் மீட்டர் மாட்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பில் போட மாதத்துக்கு ஓரிரு எண்களே போதுமென்றால், கால்மணிக் கணக்கு வீட்டை விட்டு வெளியே போகவே தேவையில்லை.

அடுத்தது பில். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் 2009-இல் புது மீட்டர் வந்த கையோடு பில் எகிற, ஊரே கொதித்தது. ஒழுங்குமுறை ஆணையம் வெளியாரை வைத்துச் சோதித்ததில் மீட்டர்கள் பெரும்பாலும் சரியாகவே ஓடின. கடும் வெயிலும் கட்டண உயர்வும் மீட்டர் மாற்றமும் ஒரே நேரத்தில் வந்து விழுந்திருந்தன. புகார்களைக் கையாண்ட விதமும் சரியில்லை என்றது அறிக்கை. மீட்டரையும் கட்டணத்தையும் ஒரே பில்லில் மாற்றாதீர்கள். சந்தேகப்படுபவர் வீட்டில் பழைய மீட்டரையும் இரண்டு மாதம் கூடவே ஓடவிடுங்கள். ஆய்வறிக்கையை நீட்டுவதைவிட அது பலிக்கும்.

அதிகம் பேசப்படாத தவறு ஒன்று உண்டு. முன்பெல்லாம் பில் கட்டாத வீட்டின் இணைப்பைத் துண்டிக்க ஊழியர் வாசலுக்கு வர வேண்டும். உள்ளே நோயாளி படுத்திருப்பது அவர் கண்ணில் படும், "இரண்டு நாள் பொறுங்கள்" என்றால் காதில் விழும். இன்று அலுவலகத்திலிருந்து ஒரு க்ளிக். வேலை மிச்சம்தான், ஆனால் அந்தக் கண்ணும் காதும் செய்த வேலைக்கு மாற்றாக முன்னறிவிப்பு, மருத்துவ விலக்கு, மறுநாளே முறையிடும் வழி எல்லாம் விதியில் இருக்க வேண்டும்.

பொதுத் தரம் முடிவாகும் முன் அவசரப்படுவதும் வீண். பிரிட்டனில் முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்கள் பல, வாடிக்கையாளர் வேறு மின் நிறுவனத்துக்கு மாறியதும் கணக்கைத் தானாக அனுப்ப முடியாத வெறும் மீட்டராகிப் போயின.

கடைசியாக, எல்லாவற்றையும் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்களைக் குறைப்பது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனின் மின் பகிர்மான நிறுவனம் ஒன்றில், கணினிக்குள் ஊடுருவிய ஹேக்கர்களின் கைவரிசையால், ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் கர்சர் தானாக நகர்ந்து பிரேக்கர்களை, அதாவது திறந்தால் மின்சாரம் நின்றுவிடும் பெரிய சுவிட்சுகளை, திறந்தது. மூன்று நிறுவனங்களில் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினர். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியதற்குக் காரணம், துணை மின் நிலையங்களுக்கு ஓடிப்போய் பிரேக்கர்களைக் கையால் மூடத் தெரிந்த ஆட்கள் அங்கே இன்னும் வேலையில் இருந்ததுதான்.