மான் இறைச்சியா, பேக்கனா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கன் என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியின் மெல்லிய துண்டு. வறுத்த பேக்கன் 100 கிராமில் 37 கிராம் புரதம். சுட்ட மான் இறைச்சி 100 கிராமில் 30 கிராம். அட்டவணையில் இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டு, "புரதத்துக்குப் பேக்கன்தான் சரி" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எண்களில் பிழை இல்லை, படிக்கும் விதத்தில்தான் பிழை.

பேக்கன் துண்டை வாணலியில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நீர் ஆவியாகும், கொழுப்பு உருகி ஓடும், துண்டு சுருங்கி மொறுமொறுவென்று ஆகிவிடும். போட்ட எடையில் பாதிகூட மிஞ்சாது. ஆக, வறுத்த பேக்கன் 100 கிராம் என்றால் அது ஒரு பெரிய குவியல். ஒருவர் தட்டில் விழுவது இரண்டு துண்டு, ஏறக்குறைய 16 கிராம். அதில் புரதம் 6 கிராம்தான். மான் இறைச்சியையோ 100 கிராம், 150 கிராம் என்று ஒரே வேளையில் சாப்பிட முடியும்.

எடையை விட்டுவிட்டுக் கலோரியை வைத்துப் பார்த்தால் படமே மாறிவிடும். சுட்ட மான் இறைச்சி 100 கிராமில் சுமார் 158 கலோரி, கொழுப்பு 3 கிராம் அளவு. வறுத்த பேக்கனில் சுமார் 540 கலோரி, கொழுப்பு 42 கிராம். அதாவது 100 கலோரிக்கு மானில் 19 கிராம் புரதம் வருகிறது, பேக்கனில் 7 கிராம். பச்சை இறைச்சியின் எண்ணையும் சமைத்ததன் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் இதே தவறின் இன்னொரு முகம்தான். இரண்டும் பச்சையாக இருக்கட்டும், இல்லை இரண்டும் சமைத்ததாக இருக்கட்டும்.

அடுத்த தவறு பெயரிலேயே இருக்கிறது: வேட்டை இறைச்சி, பதப்படுத்திய இறைச்சி இரண்டும் எதிரெதிர் வகைகள் என்று நினைப்பது. வேட்டை இறைச்சி என்பது விலங்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. பதப்படுத்தியது என்பது அறுத்த பிறகு இறைச்சியை என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறது. காட்டுப்பன்றித் தொடையை உப்பிட்டு மாதக்கணக்கில் உலர்த்தினால் அது எந்தப் பக்கம்? இரண்டு பக்கமும்தான். மான் சலாமியும் (பொடியாக அரைத்து உப்பிட்டு உலர்த்திய இறைச்சி உருளை) அப்படியே. அதில் உப்பும், கெடாமல் காக்கும் நைட்ரைட் உப்பும் சேர்ந்திருக்கும். மான் இறைச்சி மெலிந்தது என்பதால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பும் கலந்திருப்பார்கள். காட்டில் திரிந்த மான் என்பதற்காக அந்த சலாமி பதப்படுத்திய இறைச்சி இல்லை என்று ஆகிவிடாது.

காட்டு விலங்கு என்றாலே கொழுப்பு இல்லை என்பதும் பாதி உண்மைதான். காட்டு வாத்தைத் தோலோடு எடுத்தால் பச்சையாக 100 கிராமில் 15 கிராம் கொழுப்பு. தோல் நீக்கிய நெஞ்சுப் பகுதியில் 4 கிராம்தான். காட்டுப்பன்றியும் தீனி நிறையக் கிடைக்கும் பருவத்தில் கொழுத்துப்போகும்.

மறுபக்கம், ஹாமையும் (பதப்படுத்திய பன்றித் தொடை) பேக்கனையும் ஒரே கூடையில் போடுவதும் நியாயமில்லை. கொழுப்பு நீக்கிய வேகவைத்த ஹாம் மெலிந்த இறைச்சிதான். தயமின் என்கிற பி1 வைட்டமினில் பன்றி, மானைத் தாண்டிவிடும். இரும்புச்சத்தில் மான் முந்தும்: சுட்ட இறைச்சி 100 கிராமில் 4 மில்லிகிராமுக்கு மேல், அதுவும் உடல் எளிதில் உறிஞ்சும் வகை.

ஹாமோ பேக்கனோ, எதிலும் விடாமல் வருவது உப்பு. என்னைக் கேட்டால் ஒப்பீட்டை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உலர்த்திய ஹாமில் 100 கிராமுக்கு 5 கிராம் உப்பு சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராமுக்குள்தான். லேபிளில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5 ஆல் பெருக்குங்கள். சோடியம் 1,000 மில்லிகிராம் என்றால் உப்பு 2.5 கிராம். இந்தப் பெருக்கலை மறந்துவிட்டு, "பரவாயில்லை, கம்மியாத்தான் இருக்கு" என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்புறம், "நைட்ரைட் சேர்க்கப்படவில்லை" என்ற வரி. செலரி என்ற கீரையின் பொடி சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். செலரியில் இயல்பாகவே உள்ள நைட்ரேட், பாக்டீரியாவின் உதவியால் அதே நைட்ரைட்டாகத்தான் மாறுகிறது.

2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று சொன்னதும், ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள அபாயத்தின் மேல் கூடும் அளவு. நூறு பேரில் 18 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை.

சத்து அட்டவணையில் வராத ஒன்று, ஈயம். ஈயக் குண்டு எலும்பில் பட்டுச் சிதறினால் கண்ணுக்கும் நாக்குக்கும் தட்டுப்படாத துகள்கள் காயத்தைச் சுற்றி வெகுதூரம் பரவும். அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டி எறிய வேண்டும்; குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஈயக் குண்டால் வேட்டையாடியதைத் தவிர்ப்பதே நல்லது. காட்டுப்பன்றி என்றால் இறைச்சியில் ஒட்டுண்ணியாக இருக்கும் டிரைக்கினெல்லா புழுவும் கணக்கில் வரும். வீட்டில் உப்பிட்டு உலர்த்துவதாலோ புகை போடுவதாலோ அது சாகும் என்று நம்ப முடியாது. காட்டு விலங்குகளில் இருக்கும் இந்தப் புழுவின் சில வகைகள் உறையவைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். வெளியே நிறம் மாறியதை வைத்து வெந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது, வெப்பமானியைக் குத்தித்தான் பார்க்க வேண்டும்.