திதி பார்த்துக் கடற்கரைக்குப் போங்க

திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் தூண்டில் வளைவுகளுக்கு (கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல் தடுப்புகளுக்கு) இடையில் இருக்கும் சின்ன மணல் திட்டில் காலையில் நடக்கணுமா? தினசரி காலண்டரில் திதியைப் பாருங்க. அமாவாசை, பௌர்ணமி கழிந்து வரும் பஞ்சமி, சஷ்டிதான் தோது. விடிகாலை ஆறு மணி வாக்கில் தண்ணி வத்தி இருக்கும்.

ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறி இறங்கும் நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகுது. அமாவாசை, பௌர்ணமியன்று இங்கே காலை எட்டு, ஒன்பது மணிக்கு ஏத்தம். அப்போ போனால் அலை கல்லு வரைக்கும் அடிக்கும், நடக்க இடமே இருக்காது. நாலைந்து நாள் தள்ளினால் வத்தம் விடிகாலைக்கு வந்துடும். சென்னையில் ஏத்த இறக்கம் பெரிய நாளில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் கரை சரிவா இருப்பதால் அதுவே சில அடி அகல ஈர மணலைத் திறந்து விடும். ஈர மணல் இறுகி இருக்கும், கால் புதையாது. முட்டி வலிக்காரங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கணக்கு செல்லாது. வாடைக்காத்து அலையைக் கரைக்குத் தள்ளிக்கிட்டே இருக்கும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏத்தினாலோ, கள்ளக்கடல் (தூரத்துக் கடலில் கிளம்பித் திடீர்னு கரையேறும் பேரலை) எச்சரிக்கை வந்தாலோ போகவே வேண்டாம். இது நடக்க மட்டும்தான், குளிக்க இல்லை: கல்லை ஒட்டி ஓடும் நீரோட்டம் ஆளை வெளியே இழுத்துடும். வத்தத்தில் தெரியும் பச்சைப் பாசிக் கல்லில் கால் வைக்காதீங்க, ரப்பர் செருப்பு நிக்காது.