தெரிந்துகொண்டே கேட்கும் கேள்வி

22 ஆண்டுகளாகத் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தும் நான், ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும், குழந்தைகளின் பொய்யைக் கையாள்வதில், என் மகள் சிறியவளாக இருந்தபோது நான் செய்த அதே தவறுகளை இளம் பெற்றோர்கள் செய்வதைப் பார்க்கிறேன். பொய்க்காகச் சூடு வைப்பதும், 'அப்பா வீட்டில் இல்லை' என்று தொலைபேசியில் குழந்தையையே சொல்லவைப்பதும் தவறு என்பது எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெரிந்துகொண்டே கேட்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று டைரியில் ஆசிரியை சிவப்பு மையால் எழுதியிருந்ததை, அவள் விளையாடப் போயிருந்த நேரத்தில் படித்துவிட்டேன். அதைச் சொல்லாமல், அவள் திரும்பியதும் ஒன்றும் அறியாதவள் போல, "டைரியில் மிஸ் ஏதாவது எழுதினார்களா?" என்று கேட்டேன். "இல்லை" என்றாள். டைரியை எடுக்கச் சொன்னேன். பள்ளியிலேயே வைத்துவிட்டதாகச் சொன்னாள். மூன்றாவது கேள்விக்குள் பக்கத்தில் உட்காரும் சிறுமியின்மீது பழி விழுந்திருந்தது. அரைப்பக்க வீட்டுப்பாடத்தை மூன்று பொய்களாக வளர்த்தவள் நான். அடி வாங்கியவள் அவள். அதன் பிறகு ஓராண்டுக்கும் மேலாக, என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளாமல் அவள் எதற்கும் வாய் திறக்கவில்லை.

அஞ்சி நிற்கும் குழந்தைக்கு அப்படிப்பட்ட கேள்வி உண்மையைச் சொல்லும் வாய்ப்பாகத் தெரிவதில்லை, தப்பிக்கும் வழியாகவே தெரிகிறது. "டைரியைப் பார்த்தேன், வீட்டுப்பாடம் பாக்கியிருக்கிறது, இப்போது முடித்துவிடலாமா?" என்று நான் தொடங்கியிருந்தால், பொய்க்குத் தேவையே எழுந்திருக்காது.

'சொன்னால் அடிக்கமாட்டேன்' என்றுவிட்டு அடிப்பது

ஒருமுறை செய்தால் போதும், அந்த வாக்கு அதோடு செல்லாக்காசு.

பயமுறுத்தும் கதைகள்

'புலி வருது' கதை பொய்யைக் குறைக்கும் என்று நானும் நம்பினேன். உளவியல் ஆய்வாளர்கள் காங் லீ, விக்டோரியா தல்வார் முதலியோர் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அக்கதையின் ஓநாய் வடிவம் பயன் தரவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனை (பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபர்) தந்தை பாராட்டும் கதையைக் கேட்டவர்களே கூடுதலாக உண்மை சொன்னார்கள். நாமோ அரிச்சந்திரனைச் சொல்கிறோம். உண்மை பேசியவன் நாட்டை இழந்து சுடுகாடு காப்பதைக் கேட்கும் ஐந்து வயதுக் குழந்தை என்ன நினைக்கும்?

மூன்று வயதின் கற்பனை

பொய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.