4 ஜிபி வட்டில் டெபியன்: நிறுவுவது எளிது, புதுப்பிப்பதுதான் பாடு

குடியாத்தத்தில் கைலிக் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், கடையிலுள்ள இரண்டு கணினிகளுக்கும் ஒரே பிரிண்டரைப் பொதுவாக்கித் தரும்படி கேட்டபோது, வேலூரில் பழைய பொருள் கடையொன்றில் நான் வாங்கிப் போட்டிருந்த தின் கிளையன்ட் பெட்டி (அலுவலகங்களில் சர்வரோடு இணைத்துப் பயன்படுத்தும் சிறு கணினி) நினைவுக்கு வந்தது. அதில் மின்விசிறியே கிடையாது என்பதால் பஞ்சும் தூசும் அடைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. குறை ஒன்றுதான்: உள்ளிருக்கும் ஃபிளாஷ் வட்டு 4 ஜிபி, அதிலும் கணினி காட்டுவது ஏறத்தாழ 3.7.

பெட்டி 32 பிட் ஆகையால், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12-இன் நெட்இன்ஸ்ட் இமேஜை (மற்றதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் சிறு நிறுவி) எடுத்தேன். 2025-இல் வெளிவந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது. இதைவிடச் சிறிய லினக்ஸ்கள் உண்டு என்றாலும், கடையில் வைத்துவிட்டு வரும் பெட்டிக்குப் பழகிய டெபியனே மேல் என்பது என் கட்சி. இமேஜைப் பென்டிரைவில் எழுதுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வட்டைப் பிரிக்கும் திரையில் தானியங்கி முறையைத் தொடாதீர்கள். அது ஸ்வாப்புக்கென்று (நினைவகம் போதாதபோது உதவும் இடம்) ஒரு பங்கை வெட்டிக்கொள்ளும். மேனுவல் முறையில் முழு வட்டையும் ஒரே இஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு முறைமை) பகுதியாக்கி, கோப்பைப் படிக்கும்போதெல்லாம் அந்த நேரத்தை வட்டில் எழுதாதிருக்க நோஏடைமைத் தேர்ந்தெடுத்து, ரூட்டுக்கென (நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கப்படும் 5 சதவீதத்தை 1 ஆகக் குறையுங்கள். இதிலேயே சுமார் 150 எம்பி மிஞ்சும். ஸ்வாப் இல்லையே என்று நிறுவி எச்சரித்தால், திரும்பிப் போக மறுத்துத் தொடரலாம்.

அடுத்து, எவ்வகை மென்பொருள்கள் வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் டெஸ்க்டாப்பும் க்னோமும் முன்னதாகவே குறியிடப்பட்டிருக்கும். குறியை எடுப்பது ஸ்பேஸ் விசை. என்டரை அழுத்தினால் குறியோடு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டும் விட்டுவையுங்கள். பிறகு பிரிண்டரைப் பொதுவாக்கும் கப்ஸை நிறுவும்போது, பரிந்துரைக்கப்படும் மென்பொருள் பொதிகள் வேண்டாம் என்ற தெரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, தொலைவிலிருந்தபடியே புதுப்பித்தபோதுதான் நான் மாட்டிக்கொண்டேன். இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல் புதிதாக வரும்போது பழையது நீங்குவதில்லை. இரண்டின் மாட்யூல்களும் (டிரைவர் முதலிய துணைக்கோப்புகள்) சேர்ந்து பல நூறு எம்பி பிடிப்பதோடு, இறக்கிய பொதியும் சிறிது நேரம் வட்டிலேயே கிடக்கும். கணினி எழும்போது கெர்னலோடு ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் பாதி எழுதிய நிலையில் இடம் தீர்ந்து வேலை நின்றது. ரீபூட் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பெட்டி அந்த அரைகுறைக் கோப்பையே ஏற்றப் பார்த்து மேற்கொண்டு எழ முடியாமல் கெர்னல் பேனிக்கில் நின்றதால், காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை போய், கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே இடம் தீர்ந்துவிட்டால் ரீபூட் செய்யாதீர்கள். முதலில் ஆப்ட் கிளீன் கட்டளை (ஆப்ட் என்பது டெபியனில் பொதிகளை இறக்கி நிறுவும் கருவி) கொடுத்து இறக்கிய பொதிகளை அழியுங்கள். போதாவிட்டால் ஆப்ட் வைத்திருக்கும் பொதிப் பட்டியல்களையும் அழிக்கலாம்; அடுத்த ஆப்ட் அப்டேட்டில் அவை திரும்ப வந்துவிடும். பிறகு இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் மாட்யூல்ஸ் என்பதன் மதிப்பை 'மோஸ்ட்' என்பதிலிருந்து 'டெப்' என்று மாற்றினால், இந்தப் பெட்டிக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டும் சேர்ந்து கோப்பு வெகுவாகச் சிறுக்கும். அதன்பின் பாதியில் நின்ற பொதிகளை டிபிகேஜி (பொதிகளை நிறுவும் அடிப்படைக் கருவி) கொண்டு கான்ஃபிகர் செய்து முடித்து, அது பிழையின்றி முடிந்ததைக் கண்ட பிறகே ரீபூட் செய்யுங்கள். புதிய கெர்னலில் எழுந்ததும் பழையதைப் பெயர் குறிப்பிட்டு பர்ஜ் செய்யுங்கள் (முழுதாக நீக்குங்கள்). தேவையற்ற பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை முந்தைய கெர்னல் ஒன்றைக் காப்புக்காக விட்டுவைக்கக்கூடும். இடம் எங்கே போகிறது என்று பார்க்க எனக்குப் பிடித்தது என்சிடியூ என்ற கருவி. ஒரு கோப்புறைக்குள் நுழைந்து நுழைந்து பார்ப்பதற்கு அதைவிட வசதியானது இல்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்த வாசகர் ஒருவர், வட்டைக் கழற்றித் தம் மடிக்கணினியில் யூஎஸ்பி வழியாக இணைத்து, அங்கேயே டெபியனை நிறுவி 'டெப்' என்றும் மாற்றிவிட்டுப் பெட்டியில் பொருத்த, அது எழவில்லை. மடிக்கணினியின் டிரைவர்களே கோப்பில் சேர்ந்திருந்ததுதான் காரணம். நிறுவிப் பென்டிரைவின் ரெஸ்க்யூ முறையில் பெட்டியை எழுப்பி, மதிப்பை மீண்டும் 'மோஸ்ட்' ஆக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கியதும் அவருக்குச் சரியாயிற்று. 'டெப்' மாற்றத்தை, வட்டு எந்தப் பெட்டியில் நிலையாக இருக்கப்போகிறதோ அதிலேயே செய்யுங்கள்.